ஏஐ சொன்ன எண்ணை நம்பிப் பழைய வாட்சுக்கு ஸ்பேர் வாங்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா கட்டியிருந்த வாட்ச், டயலில் ஃபேவர் லூபா என்று எழுதியது, தினமும் சாவி கொடுக்க வேண்டிய வகை, பல ஆண்டுகளாகப் பீரோவில் கிடந்திருக்கிறது. எடுத்துச் சாவி கொடுத்ததும் ஓடியிருக்கிறது, ஆனால் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பின்தங்கியிருக்கிறது. மூன்றாவது வாரம் சாவி கொடுக்கும்போது கிரவுன், அதாவது சாவி கொடுக்கத் திருகும் குமிழ், உடைந்த ஸ்டெம்மோடு கையில் வந்துவிட்டது. குமிழிலிருந்து மெஷினுக்குள் போகும் மெல்லிய தண்டுதான் ஸ்டெம். பின்மூடியைத் திறந்து போனில் படம் எடுத்து ஓர் ஏஐ செயலியிடம் காட்டியிருக்கிறார். அது மெஷினின் பெயரையும், ஸ்டெம்முக்கு 401 என்ற எண்ணையும், ஸ்டெம்மின் நீளத்தையும், வாட்ச் பின்தங்குவதற்கு அதை ஓட்டும் சுருள்வில்லான மெயின் ஸ்பிரிங்தான் காரணம் என்று சொல்லி அதன் அளவையும் தயக்கமில்லாமல் கொடுத்திருக்கிறது. தேடிப் பார்த்தால் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இரண்டு பாகங்களும் இருக்கின்றன. வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

வாங்கலாமா என்பதற்குப் பதில், இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான். ஆனால் அவர் உண்மையில் கேட்பது வேறொன்று என்று நினைக்கிறேன். செயலி சொன்னவற்றில் எது உறுதியானது, எது உறுதியானதைப் போன்ற தொனியில் சொல்லப்பட்ட ஊகம், அதை வாட்ச் வேலை தெரியாத ஒருவர் பணம் கட்டுவதற்கு முன் எப்படிப் பிரித்தறிவது என்பதே அவருடைய கேள்வி. அதற்குத்தான் விரிவாக எழுதுகிறேன்.

நான் குன்னூரில் 32 ஆண்டுகளாக வாட்ச் ரிப்பேர் செய்கிறேன். தொழிலை என் சித்தப்பாவிடம் கற்றேன். எங்கள் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் வெலிங்டன் ராணுவ முகாமில் இருந்தவர்களின் வாட்சுகள், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களின் வாட்சுகள், தேயிலைத் தோட்டங்களின் கணக்கர்களும் மேலாளர்களும் கட்டிய வாட்சுகள். ஏஐ செயலிகளை இரண்டு ஆண்டுகளாக மேசையிலேயே வைத்துப் பயன்படுத்தி வருகிறேன். அவை உள்ளே எப்படி இயங்குகின்றன என்பது என் படிப்பு அல்ல. பாகம் கைக்கு வந்த பிறகு அது பொருந்தியதா இல்லையா என்பதை வைத்தே பேசுகிறேன். உங்கள் வாட்சை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த 401. அது சரியான எண்தான். சுவிஸ் மெஷின்களின் பாகங்களுக்குப் பொதுவான எண் வரிசை ஒன்று உண்டு. அதில் ஸ்டெம் 401, ராட்செட் சக்கரம் 415, செட்டிங் லீவர் 443, எஸ்கேப் சக்கரம் 705, பாலட் 710, பேலன்ஸ் ஸ்டாஃப் 723. ஆகவே எந்த சுவிஸ் மெஷினைக் காட்டி ஸ்டெம் எண் கேட்டாலும் 401 என்று சொல்பவர் தவறு செய்யமாட்டார். ஆனால் அந்த எண் பாகத்தின் வேலையைச் சொல்கிறதே தவிர அளவைச் சொல்லவில்லை. தாசில்தார் என்றால் என்ன பதவி என்று தெரியும், எந்தத் தாலுகா என்று தெரியாது அல்லவா, அதுபோல. மெஷினின் கேலிபர் எண்ணும், அதாவது அது எந்த வகை மெஷின் என்று காட்டும் எண்ணும், 401-ம் சேர்ந்தால்தான் அது ஒரு குறிப்பிட்ட ஸ்டெம்மைக் குறிக்கும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னிடம் தவறான பாகத்தோடு வந்தவர்களில் பலர், 'எண்ணை இணையத்தில் சரிபார்த்தேன், ஸ்டெம் என்றுதான் வந்தது, ஆகவே செயலி சொன்ன மற்றதும் சரியாகத்தான் இருக்கும்' என்று நம்பி வாங்கியவர்கள். எளிதில் சரியாகிவிடும் ஒரு தகவல், கடினமான மற்றொன்றுக்கு ஜாமீன் நிற்கக் கூடாது.

அடுத்தது மெஷினின் பெயர். எல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது, சந்தேகப்பட வேண்டியதும் இதைத்தான். ஃபேவர் லூபா சொந்தமாகவே மெஷின் செய்த சுவிஸ் நிறுவனம். 1960களில் அவர்கள் கொண்டுவந்த 250 வரிசை மெஷின்களில் இரண்டு பேரலும் (ஸ்பிரிங் சுருண்டிருக்கும் உருளை) இரண்டு மெயின் ஸ்பிரிங்கும் இருக்கும். அதே நிறுவனம் வேறு மாடல்களுக்கு வெளித் தொழிற்சாலைகளின் மெஷின்களையும் வாங்கிப் போட்டது. இதற்கு மேல் நம் நாட்டு வழக்கம் ஒன்று இருக்கிறது. டயல் மங்கினால் புதிதாக எழுதி வாங்குவார்கள், மெஷின் கெட்டால் கேஸுக்குள் அடங்குகிற வேறு மெஷினை வைத்துவிடுவார்கள், நல்ல பெயருள்ள டயலை எளிய மெஷினுக்கு மேல் பொருத்தி விற்பவர்களும் உண்டு. எஃப்எச்எஃப் என்ற சுவிஸ் தொழிற்சாலையின் ஸ்டாண்டர்டு 96 என்ற மெஷினை எத்தனையோ விதமான பெயர்களுக்கு அடியில் நான் பார்த்திருக்கிறேன். அது உழைக்கும் மெஷின், அதைக் குறை சொல்லவில்லை. டயலில் இருக்கும் பெயரை வைத்து உள்ளே இருப்பதை முடிவு செய்ய முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏஐ செயலிக்கு இந்த இடத்தில் ஒரு பலவீனம் இருப்பதைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். கேள்வியில் ஃபேவர் லூபா என்று நீங்கள் எழுதிவிட்டால், அல்லது டயல் படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டால், அது அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயருக்குப் பொருத்தமான மெஷினைச் சொல்ல முனைகிறது. படத்தில் தெரியும் பாலங்களின், அதாவது சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் தகடுகளின், வடிவம் வேறாக இருந்தாலும் சொல்கிறது. அதனால் நான் இப்போது மெஷின் படத்தை மட்டும் அனுப்புகிறேன், பெயரைச் சொல்வதில்லை. நீங்களும் புதிதாக ஓர் உரையாடலைத் தொடங்கி, டயலையும் பெயரையும் மறைத்து, மெஷின் படத்தை மட்டும் கொடுத்து இது என்ன மெஷின் என்று கேட்டுப் பாருங்கள். வேறு பெயர் வந்தால் முதலில் வந்தது ஊகம் என்று தெரிந்துவிடும். அதே பெயர் வந்தால் நம்பிக்கை ஓரளவு கூடும், அவ்வளவுதான். ஒரே தவறை இரண்டு முறை சொல்வதும் நடக்கிறது.

உறுதியான சான்று மெஷினிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான சுவிஸ் மெஷின்களில், இங்கும் அங்குமாக ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியிலோ அதை ஒட்டியோ, அடித்தட்டின் மேல், செய்தவரின் குறியும் கேலிபர் எண்ணும் இருக்கும். எழுத்து ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது. பேலன்ஸ் சக்கரத்தின் கைகள் அதை மறைக்கும். சக்கரம் நின்றிருந்தால், மெஷினைச் சற்றுச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்க்க வேண்டும். போனின் ஃபிளாஷ் போட்டால் தகடு முழுவதும் வெள்ளையாகி எழுத்து மறைந்துவிடும். பொறித்த எழுத்தைக் காட்டுவது அதன் நிழல்தான். மூன்று நான்கு கோணங்களில் படம் எடுத்து, எழுத்து இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி, பெரிதாக அனுப்புங்கள். முழு மெஷின் படத்தை அனுப்பினால் செயலி அதைச் சுருக்கி எடுத்துக்கொள்வதால் நுண்ணிய எழுத்து கரைந்துவிடும் என்று படித்திருக்கிறேன், என் அனுபவமும் அதையே காட்டுகிறது.

போன ஜூலையில், நான்கு நாள் விடாமல் மூடுபனி இருந்த நேரத்தில், ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் ஒரு வாட்சைக் கொண்டுவந்தார். குறி இருந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். செயலி நான்கு இலக்கங்களையும் வாசித்துச் சொன்னது, கடைசி இலக்கம் 0 என்றது. ஐ கிளாஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். எனக்கும் 0 போலத்தான் தெரிந்தது. பேலன்ஸைக் கழற்றி எடுத்துவிட்டு, கூராகச் சீவிய மரக்குச்சியின் நுனியைப் பென்சின் திரவத்தில் தொட்டு அந்த இடத்தை மெல்லத் துடைத்தேன். எண்ணெயும் பூஞ்சையும் சேர்ந்து பழுப்பாகக் கட்டியிருந்த ஒரு படலம் பெயர்ந்து வந்தது. அடியில் இருந்தது 6. அந்த இரண்டு கேலிபர்களுக்கும் ஸ்டெம் வேறு. செயலி கண்ணால் கண்டதைத்தான் சொன்னது, அதில் குற்றமில்லை. ஆனால் துடைத்துப் பார்க்கலாமா என்று அது கேட்கவில்லை. தெளிவில்லாத இலக்கத்தை அது தெளிவான இலக்கத்தின் குரலிலேயே சொல்லிவிடுகிறது. ஆகவே எண்ணைக் கேட்ட பிறகு, 'இந்த நான்கில் எந்த இலக்கத்தில் உனக்குச் சந்தேகம், அது வேறு எந்த இலக்கமாக இருக்கலாம்' என்று தனியாகக் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கேட்டால் பெரும்பாலும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

எண் தெரிந்துவிட்டால் அளவைச் சரிபார்க்கலாம். சுவிஸ் மெஷின்களின் விட்டத்தை லிக்னே என்ற பழைய அலகில் சொல்வார்கள், ஒரு லிக்னே ஏறத்தாழ 2.256 மி.மீ. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பதினொன்றரை லிக்னே என்பதைச் செயலி பெருக்கி 25.9 மி.மீ. என்று சொல்லும். கணக்கு சரி. ஆனால் பதினொன்றரை லிக்னே என்று பட்டியலில் போட்டிருக்கும் பல மெஷின்களை அளந்தால் 25.6 மி.மீ.தான் வரும். ஏனெனில் அந்த அலகு நடைமுறையில் வகையின் பெயராகிவிட்டது. ஆகவே அலகை மாற்றிச் சொன்ன எண்ணை அளந்த எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டிஜிட்டல் வெர்னியர் இல்லாதவர்கள், மெஷின் இருக்கும் அதே மட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து நேர் மேலிருந்து படம் எடுத்தால் போதுமான அளவுக்குத் தெரியும்.

இப்போது ஸ்டெம்மின் நீளத்துக்கு வருகிறேன். செயலி நீளம் சொல்லியிருப்பதே, அது அறியாமல் பேசுகிறது என்பதற்கு அடையாளம். ஸ்டெம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதை மெஷின் முடிவு செய்வதில்லை, கேஸ் முடிவு செய்கிறது. ஒரே மெஷின் சிறிய கேஸில் இருந்தால் ஸ்டெம் குட்டை, பெரிய கேஸில் இருந்தால் நீளம். அதனால்தான் புது ஸ்டெம் எப்போதும் வேண்டியதைவிட நீளமாகவே வரும். மெஷினைக் கேஸில் வைத்து, கிரவுனைத் திருகி, இடைவெளியைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அரத்தால் தேய்த்துச் சரிசெய்வோம். கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டால் அந்த ஸ்டெம் வீண்.

மெஷின் முடிவு செய்வது ஸ்டெம்மின் உள்முனையை. உங்கள் கையில் கிரவுனோடு வந்த துண்டை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியாகப் பாருங்கள். கிரவுனுக்குள் மரை இருக்கும். அதற்கு அடுத்து உருளையான உடல், அதன் பிறகு குறுகலான ஒரு பள்ளம். ஸ்டெம்மை மெஷினுக்குள் பிடித்து வைக்கும் செட்டிங் லீவரின் முனை உட்காரும் இடம் அந்தப் பள்ளம்தான், பெரும்பாலான ஸ்டெம்கள் உடைவதும் அங்கேதான், ஏனென்றால் அங்கே உலோகம் மிக மெலிவு. பள்ளத்துக்கு அப்பால், அங்கே உடைந்திருந்தால் மெஷினுக்குள் தங்கிவிட்ட துண்டில், வைண்டிங் பினியன் சுழலும் வட்டப் பகுதி, கிளட்ச் சக்கரம் வழுக்கி நகரும் சதுரப் பகுதி, கடைசியில் அடித்தட்டின் துளைக்குள் நுழையும் மெல்லிய முனை. பள்ளத்தின் அகலம், சதுரத்தின் கனம், முனையின் விட்டம் ஆகிய மூன்றும் 0.05 மி.மீ. மாறினாலும் ஸ்டெம் நுழையாது, அல்லது நுழைந்து ஆடும். ஆடினால் இன்னும் மோசம். கிளட்ச் சக்கரத்தின் பற்கள் தேய ஆரம்பிக்கும். கீழே கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயில் பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. பல்லும் பல்லும் கொஞ்சம் விலகினால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த மூன்று அளவுகளையும் எந்தப் படத்திலிருந்தும் எந்தச் செயலியும் எடுத்துத் தர முடியாது. பழைய துண்டுகளை அளக்க வேண்டும், புதியதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கிரவுனின் மரை அளவும் அப்படித்தான். 0.90 மி.மீ. மிகப் பரவலானது என்பதால் செயலி அதைச் சொல்லிவிடும், பழைய வாட்சுகளில் அதைவிடப் பெரியதும் சிறியதும் வருகின்றன.

செயலி கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். ஸ்டெம் ஏன் உடைந்தது? உடைந்த வாயைப் பாருங்கள். உலோகம் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தால் அது தேய்ந்து அல்லது அழுத்தத்தில் உடைந்தது. செம்பழுப்பாக இருந்தால் துரு. நீலகிரியில் நான் மாற்றும் ஸ்டெம்களில் பாதிக்கு மேல் துருப்பிடித்தவை. இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பீரோவுக்குள் தோல் செருப்பில்கூடப் பூஞ்சை பூத்துவிடுகிறது, வாட்ச் மட்டும் எப்படித் தப்பும்? கிரவுனுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து இறுகிவிட்டால் ஈரம் கேஸின் குழாய் வழியாக இறங்கி நேராக ஸ்டெம்மின் மேல்தான் உட்காரும். துரு காரணம் என்றால், புது ஸ்டெம்மை மட்டும் வாங்கிப் போட்டால் அதுவும் சில ஆண்டுகளில் அதே வழியில் போகும். கிரவுனையும் மாற்ற வேண்டும், குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும், செட்டிங் லீவரிலும் கிளட்ச் சக்கரத்திலும் துரு இறங்கியிருக்கிறதா என்று டயலுக்கு அடியில் பார்க்க வேண்டும். வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியலே அப்போது மாறிவிடும்.

மெயின் ஸ்பிரிங் விஷயத்தில் நான் செயலியோடு முழுவதும் மாறுபடுகிறேன். நாளுக்குப் பத்து நிமிடம் பின்தங்கும் வாட்சுக்கு மெயின் ஸ்பிரிங் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த வாட்சுக்கு நான் முதலில் நினைப்பது எண்ணெயைத்தான். எண்ணெய் காய்ந்து பசைபோல ஆகியிருக்கும், குளிர் அதை மேலும் இறுக்கும், பேலன்ஸ் சோம்பலாக ஆடும். பிரித்துக் கழுவிப் புது எண்ணெய் வைத்தாலே பெரும்பாலானவை நேரத்துக்கு வந்துவிடுகின்றன. என் சித்தப்பா கேத்தியில் இருக்கும் ஊசித் தொழிற்சாலையின் தையல் ஊசியைச் சூடாக்கி நுனியைத் தட்டி, எண்ணெய் எடுக்கும் குச்சி செய்து வைத்திருந்தார். இன்றும் அதில்தான் எண்ணெய் வைக்கிறேன், எத்தனையோ வாட்சுகளை ஒரு பாகமும் வாங்காமல் அந்தக் குச்சி ஓட வைத்திருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. நிமிட முள்ளைத் தாங்கும் கேனன் பினியன் தளர்ந்துவிட்டால் மெஷின் ஒழுங்காக ஓடும், முள் மட்டும் வழுக்கிப் பின்தங்கும். நடுவில் விநாடி முள் உள்ள வாட்ச் என்றால் இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். விநாடி முள் சரியாக 60 விநாடியில் சுற்றி வந்து, நிமிட முள் மட்டும் பின்தங்கினால் குற்றம் கேனன் பினியனில். இதற்கும் மெயின் ஸ்பிரிங்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அப்படியும் மெயின் ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருந்தால், அதன் அளவைச் செயலியிடம் கேட்டு வாங்குவது எல்லாவற்றிலும் அபாயமானது. ஸ்பிரிங்கின் அகலம், கனம், நீளம், பேரலின் உள்விட்டம் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். இதில் கனம் மிக நுட்பமானது. ஸ்பிரிங் தரும் விசை, கனத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். 0.10 மி.மீ. ஸ்பிரிங்குக்குப் பதில் 0.11 போட்டால் கனம் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, விசையோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. பேலன்ஸ் வரம்பு மீறி ஆடி, அதோடு சேர்ந்து சுழலும் ரோலர் கல், பாலட் என்ற கவையின் வெளிப்பக்கத்தில் மோத ஆரம்பிக்கும், வாட்ச் தாறுமாறாக முன்னே ஓடும். செயலி இரண்டு இலக்கத் தசமத்தில் ஓர் எண்ணைச் சொல்லும்போது, அதை ஏதாவது பட்டியலிலிருந்து எடுத்ததா அல்லது அப்படிப்பட்ட இடத்தில் வழக்கமாக வரும் எண்ணை நிரப்பியதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதோடு, உங்கள் மெஷின் 250 வரிசையைச் சேர்ந்ததாகவே இருந்துவிட்டால் அதற்கு வேண்டியது ஒன்றல்ல, இரண்டு ஸ்பிரிங். செயலி உங்களுக்கு ஒன்றுதான் சொல்லியிருக்கிறது என்று கேள்வியிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

இவ்வளவு சொன்னதால் ஏஐ வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அது நிறைய உதவியிருக்கிறது, உதவும் இடங்கள் வேறு. குவார்ட்ஸ் வாட்சுகளில் அது ஏறக்குறைய எப்போதும் சரியாக இருக்கிறது, ஏனென்றால் மெஷினின் மேலேயே எண் தெளிவாக அச்சாகியிருக்கும். மியோட்டா 2035 என்று படித்துவிட்டால் அதன் பேட்டரி 377, அதாவது எஸ்ஆர்626எஸ்டபிள்யூ, என்பதை உடனே சொல்லிவிடும். 626 என்பதில் கடைசி 26, பேட்டரியின் உயரம் 2.6 மி.மீ. என்பதைக் குறிக்கிறது என்பதுவரை விளக்கும். ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானிய மொழிகளில் இருக்கும் பாகத் தாள்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. இந்த வேலைக்கு முன்பெல்லாம் எனக்குக் கதியே இருந்ததில்லை. அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங்கின் வடிவத்தைப் படத்திலிருந்து நன்றாகப் பிரித்தறிகிறது. யாழ் போன்ற வடிவம் இருந்தால் இன்காப்ளாக், அது 1930களில் வந்த முறை, ஆகவே மெஷின் அதற்குப் பிற்பட்டது என்று தேடலைக் குறுக்கித் தருகிறது. வெளிநாட்டு விற்பனையாளருக்கு, பள்ளத்தின் அகலத்தையும் சதுரத்தின் கனத்தையும் அளந்து சொல்லும்படி மரியாதையாக ஒரு கடிதம் எழுதித் தருகிறது. அந்தக் கடிதத்துக்குப் பதில் தராத விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.

எச்எம்டி வாட்ச் வைத்திருக்கும் பலர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். எச்எம்டி 1961இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்துதான் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது, டயலில் பாராஷாக் (அதிர்ச்சி தாங்கும் அமைப்பின் பெயர்) என்று எழுதியிருப்பதும் சிட்டிசன் வழியாக வந்ததே. இந்த வரலாறு ஏஐ செயலிகளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததாலேயே, எச்எம்டி பாகம் கிடைக்காவிட்டால் சிட்டிசன் பாகம் போடலாம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகின்றன. என் மேசையில் சில பாகங்கள் அப்படியே பொருந்தியிருக்கின்றன, சில பொருந்தவில்லை. உறவு உண்மை, ஆனால் பாகம் பாகமாகச் சோதிக்காமல் அதை வைத்து வாங்க முடியாது. பழைய எச்எம்டி வாட்ச் தொழிற்சாலைகள் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் ஒவ்வொரு பாகத்தையும் வீணாக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

செயலியிடம் கேட்கும் முறையை மாற்றினாலே பாதித் தவறு குறைகிறது. 'இதற்கு எந்தப் பாகம்' என்று கேட்டால் அது ஒரு பெயரைச் சொல்லியே தீரும். 'இந்தப் படத்தில் இருப்பது எந்தெந்த மெஷின்களாக இருக்கலாம், அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய நான் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும்' என்று கேளுங்கள். அப்போது அது உங்களை மெஷினிடம் திருப்பி அனுப்பும், அதுதான் நல்லது. செட்டிங் லீவரைப் பிடித்திருக்கும் தகட்டின் வடிவம் மெஷினுக்கு மெஷின் மாறும், எங்கள் தொழிலில் அதைக் கைரேகை போலத்தான் பார்ப்போம். செயலியும் பெரும்பாலும் அதைப் பார்க்கச் சொல்லும். ஆனால் அது டயலுக்கு அடியில் இருப்பதால் அதை நீங்கள் வீட்டில் திறக்க முயல வேண்டாம்.

வீட்டில் செய்யக் கூடாதவற்றில் இன்னும் இரண்டு உண்டு, செயலி அவற்றை விளக்கமாகச் சொல்லியிருந்தாலும். உள்ளே சிக்கிய ஸ்டெம் துண்டை எடுக்க செட்டிங் லீவர் திருகைத் தளர்த்தச் சொல்லியிருக்கும். ஒரு சுற்றுக்கு மேல் போனால் பழைய மெஷின்களில் லீவர் டயல் பக்கம் கழன்று விழுந்துவிடும், பிறகு முள்ளையும் டயலையும் எடுக்காமல் அதை மாட்ட முடியாது. அடுத்தது, மெயின் ஸ்பிரிங்கில் இன்னும் விசை இருக்கலாம். சாதாரணமாகக் கிரவுனைப் பிடித்துக்கொண்டு, ராட்செட் சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் கிளிக்கை விலக்கி விசையை மெல்ல இறக்குவோம். உங்களிடம் பிடிக்கக் கிரவுன் இல்லை. ராட்செட் திருகில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கட்டுப்படுத்தி இறக்க வேண்டும், கை நழுவினால் சக்கரப் பற்கள் உதிரும். பழகிய கை செய்யட்டும்.

தேடியும் சரியான ஸ்டெம் கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஸ்டெம் வாட்சின் பாகங்களில் எளிதாகச் செய்யக் கூடியவற்றில் ஒன்று. உருக்குக் கம்பியைச் சிறிய லேத்தில் கடைந்து, சதுரத்தை அரத்தால் எடுத்து, பதம் ஏற்றி, பழைய துண்டின் அளவுக்குச் செய்யலாம். அதே கேலிபரின் பழுதான மெஷினை வாங்கி அதிலிருந்து எடுப்பதும் வழக்கம்தான். மலையில் இதைச் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள், கோவையில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் கடைந்து செய்வதற்கு உடைந்த ஸ்டெம்மின் இரண்டு துண்டுகளும் வேண்டும். ஒரு துண்டு கிரவுனோடு உங்கள் கையில் இருக்கிறது, மற்றது மெஷினுக்குள் இருக்க வேண்டும். பின்மூடியைத் திறந்தபோது கீழே ஏதும் விழவில்லையா என்று திறந்த இடத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, கிரவுன் துண்டோடு சேர்த்து வையுங்கள். பின்மூடியை இப்போதே மூடிவிடுங்கள், பனிக்காலம் தொடங்கிவிட்டது. குன்னூர் பக்கம் வரும்போது வாட்சையும் அந்த டப்பாவையும் கொண்டுவாருங்கள், பேலன்ஸுக்கு அடியில் இருக்கும் எண்ணை உங்கள் கண் எதிரிலேயே படித்துவிடலாம்.